வி, என், எம்

விழுப்புரம் தனி மாவட்டமான வருசம்தான் அருள்ராணியும் பிறந்தாள். தொண்ணூற்று மூன்று. "எனக்கும் ஜில்லாவுக்கும் ஒரே வயசுக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். ஜில்லாவுக்காவது கலெக்டர் ஆபீஸ், பெரிய பஸ் ஸ்டாண்டு என்று ஏதோ கிடைத்தது. இவளுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இவள் புருசன் செபஸ்தியான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கோவிந்தம்மாள். வளவனூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. திண்டிவனம் பக்கத்தில் இருந்த ஒரு செருப்புக் கம்பெனியில் நான் ஒன்பது வருசம் வேலை பார்த்தேன், அவள் நாலு வருசம். ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவி ஒட்டுகிற லைனில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். காலை ஆறு மணிக்கு வேனில் ஏறினால் சாயங்காலம் ஏழு மணிக்கு இறங்குவோம். வீட்டு ஆம்பளையோடு பேசியதைவிட நாங்கள் ஒருத்தியோடு ஒருத்தி பேசியதுதான் அதிகம்.

அவள் அப்பா சவுரிராயன் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்குகிற கூலி. மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்துவிட்டார், அதுவே அவருக்குப் பெரிய மலை. நர்சுக்குப் படிக்கணும் என்று அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம். நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள். பதினெட்டு வயசில் கழுத்தில் தாலி, பத்தொன்பதில் இடுப்பில் மகள் வெனிலா.

செபஸ்தியான் கொத்தனார். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பொண்டாட்டியை ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல மாட்டான். என் வீட்டில் இருக்கிறதற்கு அவன் ஆயிரம் மடங்கு தேவலை. அவனிடம் ஒரே ஒரு குறைதான். தன் புத்தியால் ஒரு முடிவு எடுக்கத் தெரியாது. மாதா கோவிலில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டதற்கு இவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தானாம். கல்யாணக் கூட்டமே சிரித்ததாம். அன்றையிலிருந்து அவன் வாயில் ஒரே சொல்தான். "கறி எடுக்க வோணுமா? கொடை எடுத்துக்கினு போவ வோணுமா? புள்ளைக்கு முடி வெட்ட வோணுமா?" வோணும், வோணாம் என்று இவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். "வூட்டுல எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா" என்பாள். சலிப்பாகச் சொல்கிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளூர அவளுக்கு அது பிடிக்கும்.

கம்பெனியில் சேர்ந்ததும் வந்தது வினை. கேட்டிலேயே போனைப் பிடுங்கி டோக்கன் கொடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்பக் கையில் வரும். அதுவரைக்கும் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் நமக்குத் தெரியாது. ஆபீஸ் நம்பருக்கு அடித்தால் "சொல்லிடறோம்" என்பார்கள், சொல்ல மாட்டார்கள். செபஸ்தியானுக்கு இது பெரிய பேஜாராகப் போய்விட்டது. வேலைக்குப் போகிற இடத்தில் கேட்க ஆள் இல்லாமல் திண்டாடினான்.

எங்கள் லைனில் ரோஜா என்று ஒருத்தி இருந்தாள். பயங்கரக் கைகாரி. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு வாட்ச்சு வாங்கி வந்தாள். பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக் வாட்ச்சு, உள்ளே சிம் போடலாம், மெசேஜ் அனுப்பலாம். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் கையைப் பார்த்து "மணி என்னாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டான். அடுத்த மாசத்துக்குள் எங்கள் லைனில் ஏழு பேர் கையில் ஏழு வாட்ச்சு. அருள்ராணிக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் கையால் கட்டிவிட்டேன். இந்தக் கையை என்ன செய்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வாட்ச்சில் எழுதுவது இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பு வரும். பாதித் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்குள் இருபத்தாறு இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொன்றும் கேப்பை மணி அளவு. தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஒரு விரலை வைத்தால் மூன்று எழுத்து அமுங்கும், நாம் நினைத்தது மட்டும் அமுங்காது. போதாக்குறைக்கு எங்கள் விரலெல்லாம் பசை. பசை காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த விரலை வைத்தால் வாட்ச்சுக்கு விரல் என்றே தெரியாது. சுண்டுவிரலை மட்டும் பசை படாமல் காப்பாற்றி வைத்து, மேசைக்கு அடியில் கையைக் கொண்டுபோய், தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கி எழுதணும். சூப்பர்வைசர் கிருஷ்ணசாமி நடந்து வருகிற சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருக்கணும்.

ஒரு நீளமான வார்த்தை எழுதுவதற்குள் இரண்டு ஜோடி ஷூ தேங்கிவிடும். அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். நான் பத்தாவது வரை படித்தவள், தமிழில் நல்ல மார்க். "உயிரெழுத்தையெல்லாம் தூக்கிப் போட்டுருங்கடி, மெய்யெழுத்து மட்டும் போட்டா போதும், படிக்கறவங்களுக்குப் புரியும்" என்றேன். எல்லோரும் என்னைப் பெரிய மேதை மாதிரி பார்த்தார்கள். கத்திரிக்காய்க்கு ஐந்து எழுத்து, மருந்துக்கு நாலு, வெனிலாவுக்கு மூன்று. ரோஜா ஒருநாள் புருசனுக்குப் பால் வாங்கச் சொல்லி "பி எல்" என்று போட்டாள். அவன் பண்ருட்டி பலாப்பழம் முழுசாக ஒன்றை டிவிஎஸ் வண்டியில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். நாங்கள் வேனில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தோமே தவிர, யோசிக்கவில்லை.

வேணும், வேணாம் என்கிற இரண்டுக்கும் மட்டும் சங்கடம் வந்தது. உயிரெழுத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். வி, என், எம். அதற்கும் நானே வழி சொன்னேன். வேணும் என்றால் வெறும் வி என் எம். வேணாம் என்றால் நடுவில் ஒரு ஏ சேர்த்துக்கொள். செபஸ்தியானுக்கும் அவள் இதைச் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் அந்த ஏ சரியாக விழாது. கண்ணாடியின் ஓரத்தில் இருந்தது அது, பாதி நேரம் விரல் பட்டாலும் வராது. கறி வோணாம் என்று இவள் போட்டால் ஏ விழாமல் போய், அவன் ஒரு கிலோ எடுத்து வைத்திருப்பான். போனால் போகட்டும் என்று குழம்பு வைப்பாள்.

பின்னால் எல்லோரும் கேட்டார்கள், ஓகே என்று போட்டிருக்கலாமே, எஸ் என்று ஒரே எழுத்துப் போட்டிருக்கலாமே என்று. அறிவாளிகள்! ஓகே என்றால் எங்களுக்குள் மெசேஜைப் பார்த்தேன் என்று அர்த்தம். அதுக்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. எஸ்ஸைத் தொட்டால் பக்கத்தில் இருக்கிற எழுத்து விழும். உட்கார்ந்து பசை தடவிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இரண்டாயிரத்துப் பதினேழு, ஐப்பசி. ஊரெல்லாம் காய்ச்சல். வெனிலாவுக்கு மூன்று நாளாகக் கொதித்தது. ஐந்து வயசு, துருதுருவென்று இருக்கிற குழந்தை, துணி மாதிரி கிடந்தது. அன்றைக்கு அருள்ராணி வேலைக்கு வந்திருக்கக் கூடாது. முந்தின மாசம் இரண்டு நாள் லீவு எடுத்ததற்கே "அடுத்த தடவை வீட்டுலயே இருந்துக்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள். "அவரு விழுப்புரத்துக்கு இட்டுக்கினு போறாருக்கா, மத்தியானம் அரை நாள் கேட்டுக்கினு ஓடிடறேன்" என்றாள். வேனில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை.

பதினொன்றே கால் இருக்கும். அவள் மணிக்கட்டு அதிர்ந்தது. கையை இறக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "ரத்தத்துல அணு கொறையுதாம். பெட்டுல போடலாம், உங்க இஷ்டம்னு டாக்டர் சொல்றாராம். வோணுமான்னு கேக்கறாருக்கா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"என்னாத்துக்குக் கேக்கறான்? சேக்கறதுதான?" என்றேன்.

"அவரப் பத்தித் தெரியாதா ஒனக்கு?" என்று சுண்டுவிரலைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து எழுதினாள். மூன்று எழுத்து. நான் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு எழுத்துத் தப்பில்லாமல்.

"ஏ கீ போட்டுத் தொலச்சிடப் போற, பாத்துடி."

"போடலக்கா. வோணும்தான். அனுப்பிட்டேன். சேத்துருவாரு" என்றாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். காலையிலிருந்து அவள் விட்ட முதல் மூச்சு அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. மறுபடியும் வாட்ச்சு அதிர்ந்தது. பசை டப்பாமேல் கை பட்டிருந்ததால் தகரம் டர்ரென்று அலறியது. கிருஷ்ணசாமி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்கே தெரியவில்லை. "கையைக் காட்டு" என்றார். கழட்டி வாங்கினார். பொத்தானை அமுக்கி அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், கொழந்தைக்கு ஒடம்பு முடியல சார். அந்த ஒரு மெசேஜ் மட்டும் பாத்துக்கறேன் சார்" என்று கெஞ்சினாள்.

"எல்லாருக்கும் கொழந்தை இருக்குது. போய் ஒக்காரு. ஒனக்கு அரை நாளும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

நான் எழுந்து ரெண்டு வார்த்தை கேட்டிருக்கணும். என் கையிலும் ஒரு வாட்ச்சு இருந்தது. அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள். "பரவாயில்லக்கா. வோணும்னு போயிடுச்சு இல்ல, அது போதும். சாயங்காலம் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்" என்றாள். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிடக்கூடச் செய்தாள்.

ஐந்தரைக்குப் போன் கையில் வந்தபோது பதினான்கு தடவை அவன் கூப்பிட்டிருந்தான். திருப்பி அடித்தால் அவன் போன் அணைந்து கிடந்தது. "ஆஸ்பத்திரில எங்க சார்ஜ் போடுவாரு" என்றாள். விழுப்புரத்தில் வேனை நிறுத்தி இரண்டு பேரும் இறங்கினோம். அவன் கூட்டிக்கொண்டு போனது ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நோட்டைப் பார்த்து, "அந்தப் பேர்ல யாரும் படுக்கலியே" என்றது.

"வெனிலா. அஞ்சு வயசு. காலைல சேத்தாங்க. நல்லாப் பாரும்மா."

"இல்லக்கா."

"அவரு பேர மாத்திக் கீத்திக் குடுத்துருப்பாருக்கா, வா" என்று என் கையை இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். மூன்று அறையில் குழந்தைகள் கிடந்தார்கள். ஒவ்வொரு கட்டிலாகப் போய், திரும்பிப் படுத்திருந்த குழந்தைகளின் முகத்தைக்கூட எட்டிப் பார்த்தாள். அந்தத் தாய்மார்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மாடிக்கும் போய்ப் பார்த்துவிட்டுக் கீழே வந்தபோது ஒரு நர்சு நின்றாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. "மஞ்சக் கவுனு போட்ட பாப்பாவா? பெட்டு வோணாம்னு இட்டுக்கினு போயிட்டாங்களே. அந்த அண்ணன் போனையே பாத்துக்கினு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு. அப்பறம் வூட்டுல வோணாம்னு சொல்றாங்கன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு."

அருள்ராணி ஓடினாள். வளவனூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. "சூடே இல்ல அருளு, ஒடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு, பாரு" என்று செபஸ்தியான் சந்தோசமாகச் சொன்னான். பாவி, காய்ச்சல் விட்டபிறகுதான் அந்த நோய் ஆளைச் சாய்க்கும் என்று எங்கள் யாருக்கு அப்போது தெரியும்? இவள் குழந்தையின் கையைத் தொட்டதும் அலறிவிட்டாள். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டெங்கு என்றார்கள், ரொம்ப லேட்டு என்றார்கள். விடிவதற்குள் வெனிலா போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அடக்கம். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவுடன் செபஸ்தியான் கொல்லைப்பக்கம் போனான். பூச்சி மருந்து டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டான், பக்கத்து வீட்டுக்காரர் பாய்ந்து தட்டிவிட்டார். கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவன் அக்கா லூர்துமேரி அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றாள்.

"வந்த மெசேஜ் இதுதான். மூணு எழுத்து. இதுக்கு என்னாடா அர்த்தம்? வோணுமா, வோணாமா? நீ என்னான்னு படிச்ச?"

செபஸ்தியான் தலையைத் தூக்கினான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "ஏ விழலன்னு நெனச்சேங்க்கா. எப்பவும் அது விழாது. பாப்பா வூட்டுக்குப் போலாம், ஊசி வோணாம்னு அழுதுக்கினே இருந்துச்சு. பிஸ்கட்டுகூடத் துன்னுச்சு. சரி, அருளும் அதத்தான் சொல்றாளேன்னு... திரும்பக் கேட்டேன். நாலு தடவ கேட்டேன். பதிலே வரல." பேசிக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். பெண்டாட்டியைப் பார்த்தான். உடம்பெல்லாம் நடுங்கியது. "வோணாம்னுதான அருளு போட்ட? சொல்லு. நான் தப்பாப் படிச்சுட்டேனா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. வோணும்னுதாண்டா போட்டா, என் காதால கேட்டேன்டா என்று கத்த எழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்ராணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை இறுக்கமாக யாரும் என்னைப் பிடித்தது கிடையாது. அவள் கண் புருசன் மேலேயே இருந்தது. பிறகு கொல்லைக் கதவைப் பார்த்தாள்.

"ஆமாங்க. வோணாம்னுதான் போட்டேன்" என்றாள். "ஏ விழல."

லூர்துமேரி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து அறைந்தாள். "பெத்த வயிறாடி அது? வைத்தியம் வோணாம்னு சொல்ல எப்பிடிடி மனசு வந்துச்சு?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். செபஸ்தியான் அழுதான். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதான். ஆனால் நடுக்கம் நின்றிருந்தது, நான் கவனித்தேன். அன்றையிலிருந்து ஊரில் அவளுக்கு ஒரு பேர் வந்துவிட்டது. அதை என் கையால் எழுத மாட்டேன்.

நாலு நாள் கழித்துக் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். "ஏன்டி அப்பிடிச் சொன்ன? நான் இப்பவே போயி அவன்கிட்டச் சொல்றேன்" என்றேன்.

"சொன்னன்னா மறுபடி டப்பாவைத் தொறப்பாருக்கா. ஒரு கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்தறதுக்கே கை வர மாட்டேங்குது. ரெண்டு கல்லறைக்கு எங்கருந்துக்கா போவேன்?" என்றாள். "வெனிலா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லாதக்கா." செத்துப்போன குழந்தையின் மேல் சத்தியம் வாங்கினால் என்ன செய்ய முடியும்? குடத்தைத் தூக்கிவிட்டேன், போய்விட்டாள்.

கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள். வாட்ச்சை மட்டும் கிருஷ்ணசாமி என்னிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பொத்தானை அமுக்கினேன். அவள் பார்க்காமல் போன நாலு மெசேஜ் வரிசையாக நின்றது. முதல் மூன்றும் நம்முடைய மேதாவிச் சுருக்கெழுத்து. கடைசியில் மட்டும் அவன் ஒரு எழுத்து விடாமல், உயிரெழுத்தெல்லாம் போட்டு எழுதியிருந்தான். வேணுமா வேணாமா, தெளிவா சொல்லு, பயமா இருக்கு. நான் அதைப் படித்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். அவளிடம் அதைக் காட்டவில்லை, வாட்ச்சை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கை என்று ஒன்று இருந்ததா என்று கேட்டால், காலையில் எழுந்தாள், சமைத்தாள், கரும்பு வெட்டப் போனாள், வந்தாள். அவ்வளவுதான். விசேஷ வீடுகளில் குழந்தைகளை அவள் பக்கத்தில் விட மாட்டார்கள். லூர்துமேரி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இன்னொரு குழந்தை உண்டாகவில்லை. செபஸ்தியான் தேறிவிட்டான். வேலைக்குப் போனான், உடம்பு வைத்தது. இப்போதெல்லாம் அவளிடம் எதையும் கேட்பதில்லை. எல்லாம் அவனே முடிவு செய்கிறான். கறி எடுக்கிறான், குடை எடுத்துக்கொண்டு போகிறான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது கல்லறைத் திருநாளுக்கு நானும் அவர்களோடு போயிருந்தேன். சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரம். எல்லாக் கல்லறையிலும் செவ்வந்தி, மெழுகுவத்தி. வெனிலாவின் கல்லறை சின்னது, சுண்ணாம்பு அடித்திருந்தது. அருள்ராணி முட்டி போட்டு உட்கார்ந்து காற்றுக்குக் கையை மறைத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டிருந்தாள். செபஸ்தியான் என் பக்கத்தில் வந்து நின்றான். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"ஊருல என்னென்னவோ பேசறாங்கக்கா. எனக்கு அவ மேல கோவம் கெடையாது. என்னாவோ ஒரு நிமிசம் புத்தி கெட்டுப்போயி அப்பிடிப் போட்டுட்டா. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூடச் சொன்னேன், நான் அவள முழு மனசா மன்னிச்சிட்டேன்" என்றான். மனசில் ஒரு துளிக் கள்ளம் இல்லாமல்தான் சொன்னான். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான். பிறகு குனிந்து அவள் தோளைத் தட்டினான். "என்னா அருளு, நான் மன்னிச்சிட்டேன், தெரியுதில்ல?"

நான் என் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அருள்ராணி கடைசி மெழுகுவத்தியை மண்ணில் ஊன்றிவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்து, "சரிங்க" என்றாள்.